ஆணியில் மாட்டும் மருமகள்

கோத்தகிரி
24.6.2001

அன்பு மகள் ராஜப்ரியாவுக்கு அம்மா ஆசியுடன் எழுதுவது. இங்கே நான், உங்கப்பா, மழை மூவரும் நலம். நீ சென்னை வெயிலோடு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கடைசி வருஷ வகுப்புகள் தொடங்கியிருக்குமே, ஹாஸ்டல் சாம்பார் இப்போதாவது சாம்பார் மாதிரி இருக்கிறதா?

டீ ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள்தான் ஓடுகிறது. இலையே வராத ஃபேக்டரிக்குக் கிளார்க் எதற்கு என்று முதலாளி கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில், உங்கப்பா லீவு நாளிலும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போய் கேட் முன்னால் நின்றுவிட்டு வருகிறார். பச்சை இலைக்கு விலை கேட்டுப் போன வாரம் பஸ் ஸ்டாண்டில் உண்ணாவிரதம் இருந்தார்கள். காய் வாங்கப் போன நான் பந்தலுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். தலைவர்கள் வரிசையாக உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். டீத்தூள் ஏன் விற்கவில்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பெண் கேட்டு வந்தார்கள். குன்னூரில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் லிங்கசாமி, அவர் சம்சாரம், மகன் பிரசாத். கேசரி கிளறி வைத்துவிட்டு உன் போட்டோவை நீட்டினேன். லிங்கசாமி அதைப் பார்க்காமலே டீப்பாய் மேல் வைத்து, அதன்மேல் டம்ளரையும் வைத்தார். ஜாதகம் வேண்டாமாம். அவர் கேட்டதெல்லாம், ஏனுங்க, பாப்பா படிக்கிறது டிகிரிங்களா டிப்ளமாங்களா என்பதுதான். டிகிரி என்றதும் மனிதர் முகத்தில் பல்பு எரிந்தது. பாஸானதும் பார்மசி கவுன்சிலில் பெயரை ரிஜிஸ்டர் பண்ண எத்தனை நாளாகும் என்று அடுத்துக் கேட்டார். பையன் தலை நிமிராமல் இரண்டு தட்டுக் கேசரியை முடித்தான்.

மருந்துக்கடைக்கு உன்னைப் போல் படித்த ஒருவர் வேண்டும் என்பது சட்டம் அல்லவா? அவர்கள் கடைச் சுவரில் ஒரு ஈரோட்டுக்காரரின் சர்டிபிகேட் தொங்குகிறதாம். ஆள் தொங்குவதில்லை. இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நின்றுவிட்டுப் போவாராம். அவர் அடுத்த வருஷம் மஸ்கட் போகிறார், சர்டிபிகேட்டும் கூடவே போகிறது. ஆணி சும்மா இருக்கக் கூடாது என்று உன்னைப் பார்க்க வந்திருக்கிறார்கள். இதையெல்லாம் லிங்கசாமி ஏதோ பெரிய சாமர்த்தியம் போலப் பெருமையாகச் சொன்னார். பாப்பா கடைக்கு வந்து சிரமப்பட வேண்டாமுங்க, அது ஊட்டுல ராணியாட்டம் இருக்கட்டும், சர்டிபிகேட் மட்டும் கடையில இருந்தாப் போதும் என்றார் அந்தம்மா.

வேறு கடைக்காரன் முந்திவிடக் கூடாது என்று, பஸ் சீட்டில் துண்டு போடுவது போல ஆவணியிலேயே நிச்சயம் பண்ணிவிடச் சொல்கிறார்கள். ரிசல்ட் வந்ததும் கல்யாணம். நகை வேண்டாம், சீர் வேண்டாம் என்றார்கள். உங்கப்பா கண் கலங்கிப்போய் லிங்கசாமியின் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்துவிட்டார். ஃபேக்டரியை மூடுவதற்குள் உன்னை ஒரு வீட்டில் சேர்த்துவிட வேண்டும் என்பது அவர் அவசரம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் மனதில் இருப்பதை மறைக்காமல் எழுது.

அன்புடன்
அம்மா மருதாம்பாள்


கோத்தகிரி
15.7.2001

என் கண்ணு ராஜப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. ஹாஸ்டல் கதை இரண்டு பக்கம், கல்யாணத்துக்கு ஒரே வரி. அப்பா சந்தோஷப்பட்டால் எனக்குச் சரி என்கிறாய். இந்த வரியை எழுத எட்டாவது போதுமே, நான் படித்த அளவு. இதற்கா சென்னை, காலேஜ், வெள்ளைக் கோட்டு?

சரி, நம் சம்பந்தி கடை எப்படித்தான் இருக்கிறது என்று வியாழக்கிழமை குன்னூருக்குப் பஸ் ஏறினேன். தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு போனேன். அதற்கு அவசியமே இல்லை. மாப்பிள்ளைக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. கேசரித் தட்டை விட்டுக் கண்ணெடுத்திருந்தால்தானே தெரியும்!

எனக்கு முன்னால் வீரம்மா என்று எஸ்டேட்டில் இலை பறிக்கும் ஒரு பெண் நின்றாள். சம்பளம் போட்டு எத்தனையோ வாரமாச்சு, டாக்டரிடம் போக வழியில்லை, ஒரு செட் கொடுங்கள் என்றாள். செட் என்றால் என்ன என்று உனக்குப் பாடத்தில் இருக்காது. வலிக்கு ஒரு செட், காய்ச்சலுக்கு ஒரு செட் என்று அட்டையிலிருந்து மூன்று கலர் மாத்திரையை வெட்டி, பழைய பேப்பரில் மடித்துத் தருவது. பெயர் கிடையாது, சீட்டு கிடையாது. டீ விலை விழுந்த பிறகு இந்த மலை முழுக்க இதுதான் வைத்தியம். பிரசாத் ஒரு கையில் கடலையை உரித்துக்கொண்டே மறு கையால் மடித்துக் கொடுத்தான். பெரியவங்களுக்கா சின்னவங்களுக்கா என்று கேட்டதோடு அவன் படிப்பு முடிந்தது. முட்டிவலி என்று நானும் சில செட் வாங்கினேன். எனக்கும் அதே கேள்விதான்.

கடைக்குப் பின்னால் ஒரு போர்டு பெயிண்ட் காய்ந்துகொண்டிருந்தது. பி. ராஜப்ரியா, பி.ஃபார்ம். என்று கொட்டை எழுத்தில். நீ இன்னும் எழுதாத பரீட்சையில் உன்னைப் பாஸ் போட்டு, கட்டாத தாலிக்குப் புருஷன் இனிஷியலும் போட்டுவிட்டார்கள். யூனிவர்சிட்டிக்கு ஏன் வீண் சிரமம்?

ஒன்று சொல்ல வேண்டும். அந்த மாத்திரை போட்டதும் முட்டிவலி பறந்துவிட்டது. மார்க்கெட் மேட்டை நிற்காமல் ஏறினேன். அது என்ன அப்படிப்பட்ட மருந்து என்று எனக்கே சந்தேகம். ஒரு பொட்டலத்தை இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் வாத்தியாரிடம் காட்டிக் கேட்டு எழுது.

அன்புடன்
அம்மா


கோத்தகிரி
5.8.2001

ராஜப்ரியா கண்ணுவுக்கு அம்மா எழுதுவது. நீ பயப்படாதே, நான் நன்றாகத்தான் இருக்கிறேன். வெள்ளை வலிக்கு, மஞ்சள் வயிற்றுக்கு, அந்தப் பொடிசு ஸ்டீராய்டு, என்னைப் போன்ற சர்க்கரைக்காரர்கள் டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது என்று நீ எழுதியதைப் படித்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துப் படித்தேன். சுகமாக இருக்கிறதே என்று மீதிச் செட்டையும் முழுங்கியிருந்தேன். தலை சுற்றிக் குழாயடியில் விழுந்தவளைப் பக்கத்து வீட்டு தெய்வம்மாதான் ஆட்டோ பிடித்துக் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்ததாம். டாக்டரம்மா திட்டிய திட்டில் பாதி சர்க்கரை அங்கேயே இறங்கியிருக்கும். வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போது மூன்று வேளையும் கோதுமைதான்.

நீ எழுதியதில் ஒன்றுதான் எனக்கு ஆகவில்லை. கட்டிக்கொண்டு போய்க் கடையை நான் திருத்திவிடுகிறேன் அம்மா என்கிறாய். எந்தக் கடையை? உன்னைக் கவுண்டருக்குள் விட மாட்டோம் என்று அவர்கள் முதல் நாளே சொல்லியாகிவிட்டது. நீ அடுப்படியிலிருந்து திருத்துவாயா? நாலு வருஷம் படித்து இந்தப் புத்திதான் வந்ததா?

முந்தாநாள் தேதி குறிக்க வந்தார்கள். இந்தத் தடவை வெறும் தண்ணீர்தான் வைத்தேன். எனக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று ஏன் தம்பி கேட்கவில்லை என்று பிரசாத்தைக் கேட்டேன். எல்லாரும் குடுக்கறதுதானுங்க அத்தை என்றான். அத்தையாம்! நாளைக்கு ஒருத்தி செத்துப்போனால் யார் பதில் சொல்வது என்று அவன் அப்பாவைக் கேட்டேன். லிங்கசாமி சிரித்துக்கொண்டே, சர்டிபிகேட்ல யாரு பேரு இருக்குதோ அவங்கதானுங்க, அதுக்குத்தானுங்களே அதை மாட்டி வெக்கிறது என்றார்.

அப்படியானால் அந்தக் கண்ணாடிச் சட்டத்துக்கே தாலியைக் கட்டிக் கூட்டிக்கொண்டு போங்கள், என் பெண்ணை விட்டுவிடுங்கள் என்றேன். அந்தம்மா வெற்றிலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். வாசல் வரைக்கும் உங்கப்பா பின்னாலேயே ஓடி, அவளுக்கு உடம்பு சரியில்லைங்க, மனசுல வெச்சுக்காதீங்க என்று கும்பிட்டுக்கொண்டே போனார். அவர் அப்படிக் கும்பிட்டதைப் பார்க்க எனக்கு அவமானமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஃபேக்டரி சங்கு ஊதாத நாளெல்லாம் மனிதர் பாதியாகிக்கொண்டு வருகிறார்.

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசுவதில்லை. குடுத்த வாக்கு வாக்குதான் என்று தெய்வம்மாவிடம் எனக்குக் கேட்கும்படி சொல்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் ஹாஸ்டலுக்கு எஸ்.டி.டி. போடப் போகிறாராம். நீ சரி என்று சொல்லிவிட்டால் லிங்கசாமி மறுபடி வந்து தேதி குறித்துவிடுவார். போனில் உங்கப்பா அழுவார். அம்மாவுக்குப் பைத்தியம் என்பார். கேட்டுக்கொள். அவரை எதிர்த்து ஒரு வார்த்தை கடுமையாகப் பேசாதே. ஆனால் சரி என்று மட்டும் சொல்லிவிடாதே கண்ணு. இத்தனை வருஷத்தில் நான் அவர் வார்த்தையை மீறினது இந்த ஒரு தடவைதான். நீயும் வேண்டாம் என்று சொன்னால்தான் இது நிற்கும். எனக்குப் பயமாக இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு, நன்றாகப் படி. எந்த ஊரில், எந்தச் சுவரில் உன் பெயரை மாட்டினாலும், அதன் கீழே நீயே நிற்கும்படி மாரியம்மன் அருள் செய்யட்டும். வருகிறவள் யாராக இருந்தாலும், சர்க்கரை இருக்கிறதா அம்மா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடு.

உன் அம்மா
மருதாம்பாள்