தெரு நடுவில் ஒரு கோடு

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்து கோடு போட்டுக்கொண்டே இருந்தேன். கண் எரிகிறது.

கல்வி அலுவலகத்தின் திட்டப் பிரிவில் எத்தனையோ வேலை பார்த்தாயிற்று. பள்ளி எல்லை பிரிக்கும் வேலை எனக்கு இதுதான் முதல். நகரத்தின் நடுவில் இருக்கும் பழைய பள்ளியில் பிள்ளைகள் பிதுங்குகிறார்கள். மூன்றாம் வகுப்பு வராந்தாவில் நடக்கிறது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளியிலோ அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. வராந்தாவில் உட்காரும் பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்கிப்போகிறார்கள் என்று தேர்வு முடிவுகள் வருடா வருடம் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அதனால் எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கு என்று அடுத்த வருடத்துக்குப் புதிதாகப் பிரிக்க வேண்டும். கணினி வரைபடத்தில் தெருக்களுக்குப் பெயர் இல்லை, எண்தான். எண்ணுக்கு நடுவே கோடு போடுவது சுலபம்.

ஸ்கேல் சார் பின்னால் வந்து நின்றார். எங்கள் பிரிவுத் தலைவர். சட்டைப் பையில் பேனா இல்லாமல் வருவார், ஸ்கேல் இல்லாமல் வரமாட்டார். "கோடு ரோட்டு நடுவுலயே போகட்டும் மேடம். வீட்டுப் பக்கம் பூந்துச்சுன்னா வம்பு. ரோடுன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

எல்லாவற்றையும் ரோட்டு நடுவிலேயே ஓட்டிவிட்டேன். நேர்த்தியாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 11

பொதுமக்களுக்குக் காட்டத் தெருப் பெயர்களோடு வரைபடம் அச்சாகி வந்தது. சுவரில் ஒட்டும்போதுதான் படித்தேன்.

எங்கள் தெரு.

நான் பிறந்து, வேலைக்குப் போகும் வரை இருந்த தெரு. அதன் நடுவில் சிவப்பாக ஒரு கோடு. நான் போட்டது. இடப்பக்க வீடுகள் பழைய பள்ளியிலேயே இருக்கும். வலப்பக்கம் தண்டவாளம் தாண்டிப் போக வேண்டும். எங்கள் வீடு இடப்பக்கம். எதிரே, வலப்பக்கத்தில், தந்தியின் வீடு.

எண்ணாக இருந்தபோது என் தெருவையே எனக்கு அடையாளம் தெரியவில்லையா?

தெருவில் எது நடந்தாலும் உலை கொதிப்பதற்குள் எல்லா வீட்டுக்கும் சொல்லிவிடுவாள், அதனால் அவள் தந்தி. ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்து வரை பழைய பள்ளிக்கு அவளோடுதான் போனேன். வாசலில் நின்று கூப்பிடுகிற பழக்கமே கிடையாது. குறுக்கே ஓடிவந்து நேராக எங்கள் சமையலறைக்குள் நுழைந்து என் தட்டில் பாதியைத் தின்பாள். அவர்கள் வீட்டில் எனக்கென்று ஒரு தலையணை இருந்தது. எதிர்வீட்டுக்குப் போவதை எங்கள் வீட்டில் யாரும் வெளியே போவது என்று சொன்னதில்லை. செருப்பு போடாமல் போய்வருகிற தூரம்.

அங்கே கோடு.

ஆகஸ்ட் 12

ஸ்கேல் சாரிடம் சொன்னேன். "கருத்துக் கேட்புக் கூட்டம் எதுக்கு வைக்கிறோம்? ஆட்சேபணை இருந்தா அங்க வந்து சொல்லட்டும். நீங்களா கிளப்பி விடாதீங்க."

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். வீட்டை விற்றதிலிருந்து என்னோடுதான் இருக்கிறாள்.

"நீ போட்ட கோடுதானே? நீயே அழிச்சிட வேண்டியதுதானே."

"ஆபீஸ்ல அப்படிச் செய்ய முடியாதும்மா."

"ரப்பர் இல்லாத ஆபீஸா அது?"

அப்புறம் தெருவைப் பற்றிப் பேச ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. தையல்காரர் வீடு, பஸ் டிரைவர் வீடு, எப்போதும் வர்ணம் அடித்துக்கொண்டே இருக்கும் வீடு. இரண்டு பக்கமும் ஒரு வீடு விடாமல் சொன்னாள். பின்பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள் என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் தும்முவாரு. அவர் தும்மினா நம்ம வீட்டுப் பாத்திரம் ஆடும். காலமெல்லாம் தும்மினாரு. மூஞ்சிய ஒரு நாள் பாத்ததில்ல."

இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்தபின் அம்மா மறுபடி கத்தியை எடுத்தாள். "நல்ல தெருடி அது" என்றாள், காய் நறுக்கிக்கொண்டே.

செப்டம்பர் 2

கூட்டம் பழைய பள்ளியின் கூடத்தில். நான் படித்த காலத்து மின்விசிறிகளே இன்னும் சுற்றுகின்றன. மழை நாட்களில் இந்தக் கூடத்துத் தரை முழுக்கக் குடைகளை விரித்துக் காயவைப்போம். எல்லாம் கறுப்பு. நடுவில் தந்தியின் மஞ்சள் குடை ஒன்று. அது எங்கே இருந்திருக்கும் என்று மேடையிலிருந்து தேடிக்கொண்டிருந்தேன் —

"மேடம், ஒரு சந்தேகம் மேடம்."

குரல் மாறவே இல்லை. உடம்பு கொஞ்சம் போட்டிருக்கிறாள், முன்பக்கம் நரைத்திருக்கிறது. கையைப் பிடித்தபடி சின்ன மகள். தாமதமாகப் பிறந்தவள், எட்டு வயது.

"இந்தக் கோட்ட யார் மேடம் போட்டது?"

ஸ்கேல் சார் எழுந்து, அறிவியல் முறைப்படி என்று ஏதோ ஆரம்பித்தார். நான் மைக்கை வாங்கி, "நான்தான்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள்.

"நீயா? ஏண்டி, நடுத்தெருவுல நின்னு ரெண்டு பேரும் பல்லு விளக்குவோமே, நீ துப்பின எடத்துலயே கோடு போட்டியா?"

கூடமே சிரித்தது. ஸ்கேல் சார் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

செப்டம்பர் 3

தூக்கம் இல்லை. யார் வீட்டுப் பிள்ளைக்கோ நல்லது செய்யலாம்னு தானே இந்த வேலைக்கே வந்தேன்? அவ கேட்டதுல என்ன தப்பு? ஒண்ணும் இல்ல. சிரிச்சவங்க மேலதான் கோபம் வருது.

இத்தனை வருஷம் ஒரே ஊர்ல இருந்துகிட்டு ஒரு தடவை கூடப் போய்ப் பாக்கலையே நான்.

செப்டம்பர் 5, வெள்ளி

அலுவலகத்துக்கு முன்பே தெருவுக்குப் போனேன். எங்கள் வீடு இப்போது செல்போன் பழுதுபார்க்கும் கடை. சமையலறை இருந்த இடத்தில் ஷட்டர். பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், பார்த்தேன்.

தந்தி வாசலில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கத்து வீடுகளிலிருந்தும் வந்தார்கள். ஒருத்திக்குத் தலை பின்னிவிட்டாள், ஒருவனுக்கு மூக்கு துடைத்தாள். என்னைப் பார்த்தும் பார்க்காதவள் போல, "மேடம் ஆய்வுக்கு வந்திருக்காங்க, எல்லாரும் நேரா நில்லுங்க" என்றாள்.

விஷயம் இதுதான்: தெருவில் பாதிப் பேருக்குக் காலை ஷிப்ட். பள்ளி திறப்பதற்கு வெகு முன்பே கம்பெனி பஸ் வந்துவிடும். அதனால் முறை வைத்திருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு வீடு. அந்த வீட்டு அம்மாவோ அப்பாவோ அந்த வாரம் வேலைக்குத் தாமதமாகப் போய்க்கொள்வார். தெருவின் எல்லாப் பிள்ளைகளையும் அவரே கூட்டிக்கொண்டு போவார்.

"ரெண்டாப் பிரிச்சா முறை ரெண்டு மடங்கு வேகமா வரும்டி. எங்க சூப்பர்வைசர் இப்பவே மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கான். வேலையா பள்ளிக்கூடமான்னு வந்தா, புள்ள வீட்டுலதான் உக்காரும். நீ வேணும்னா எழுதிக்க."

எழுதிக்கொண்டேன். எங்கள் திட்டத்தில் வருகைப் பதிவை உயர்த்துவது பற்றி ஒரு அத்தியாயமே இருக்கிறது. அதில் இந்த முறை பற்றி ஒரு வரி இல்லை.

பிள்ளைகள் கிளம்பிப் போனார்கள். முனை திரும்பும்வரை சத்தம் கேட்டது. அதே சத்தம்.

செப்டம்பர் 8

பஸ்ஸில் வரும்போது தோன்றியது. ரோடு, வரைபடத்தில்தான் கோடு. அங்கே இருப்பவர்களுக்கு அது கூடம் மாதிரி. எல்லோரும் வந்து உட்காருகிற இடம். உண்மையான எல்லை பின்சுவர்தான். தும்மல் மட்டும் தாண்டிவருகிற சுவர். எங்கள் பள்ளி எல்லைகள் வீடுகளின் முதுகு வழியாகப் போக வேண்டும்.

ஸ்கேல் சாரிடம் வரைந்து காட்டினேன். தெரு முழுவதையும் பழைய பள்ளியிலேயே வைத்து.

அவர் கத்தவில்லை. ஸ்கேலால் மேசையில் மெல்லத் தட்டினார். "யோசனை சரி மேடம். ஆனா இந்தத் தெருவும் அங்கேயே இருந்தா வராந்தா காலியாகாதே. மூணாங்கிளாஸ் பசங்க மழையில நனைஞ்சுகிட்டே படிக்கட்டுமா? சுவர் வழியா போகட்டும். ஆனா அந்தப் பக்கத்துச் சுவர்."

அதாவது தெரு முழுக்கத் தண்டவாளத்துக்கு அப்பால். எங்கள் தெருவிலிருந்து ஒரு பிள்ளையும் அந்தப் பழைய பள்ளிக்குப் போகாது.

அவர் சொல்வதில் பொய் இல்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

"அவங்க ஒத்துக்கிட்டா?" என்றேன்.

"கேட்டுப் பாருங்க. உங்க தெருதானே."

செப்டம்பர் 14, ஞாயிறு

இந்த முறை கூட்டத்தைத் தெருவிலேயே வைத்தேன். வீட்டுக்கு வீடு நாற்காலி எடுத்துக்கொண்டு வந்து ரோட்டில் போட்டுக்கொண்டார்கள். ஒரு ஸ்கூட்டர் வந்து ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

இரண்டு வழி இருக்கிறது, பிரிந்து பாதிப் பேர் இங்கேயே இருக்கலாம், அல்லது எல்லோரும் சேர்ந்து அங்கே போகலாம் என்றேன். அவர்கள் சண்டை போட்டு, "யாரும் எங்கேயும் போக மாட்டோம்" என்று சொல்வார்கள் என்றுதான் உள்ளூர எதிர்பார்த்தேன்.

தையல்காரர் — பழையவரின் மகன், இடப்பக்கம் — முதலில் எழுந்தார். "எங்க பக்கம்தான் தப்பிச்சாச்சே. நாங்க எதுக்குங்க மாறணும்? என் பையன் நல்லாப் படிச்சிட்டிருக்கான்."

"தம்பி," என்றாள் தந்தி, நாற்காலியிலிருந்து எழாமல், "போன வாரம் உன் பையன யாரு கூட்டிட்டுப் போனா?"

"நீங்கதான்க்கா."

"அதுக்கு முந்தின வாரம்?"

"டிரைவர் வீட்ல."

"ரெண்டும் எந்தப் பக்கம்? சரி, பிரிஞ்சுக்கலாம். இனி நீயே கூட்டிட்டுப் போ. கடைய மத்தியானம் தொற. வர்றவங்க கிழிஞ்ச துணியோட வெளியில நிக்கட்டும்."

அவர் மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அதற்குப் பிறகு பேச்சு மாறிவிட்டது. ரயில்வே கேட் பக்கத்தில் காலையில் ஒரு ஆள் நிற்பாரா? அந்தப் பள்ளியில் கழிப்பறைக் கதவு சாத்துமா? வாசிக்க வராத பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லித்தருவார்களா? இதெல்லாம் செய்தால் சேர்ந்து போகிறோம். கை தூக்கச் சொன்னேன். தையல்காரர் கடைசியாகத் தூக்கினார்.

எல்லோரும் போனபின் தந்தி நாற்காலியை மடக்கிக்கொண்டே கேட்டாள், "ஏண்டி உன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"நம்ம ஸ்கூல்டி."

"உனக்குத்தான் அந்த ஸ்கூல் வேணும். எங்களுக்குப் பசங்க சேந்து போனாப் போதும்." பிறகு, கொஞ்சம் இறங்கி, "எனக்கும் ஆசைதான், விடு. உள்ள வா, டீ குடி."

போனேன். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டேன்; விருந்தாளி மாதிரி இருந்தது.

அக்டோபர் 21

கேட்டில் ஆள் நிற்க ஒப்புதல் வந்துவிட்டது. கழிப்பறைக் கதவுக்காகப் பொறியாளர் அலுவலகத்தில் நானே இரண்டு தடவை போய் நின்றேன். தனி வாசிப்பு வகுப்புக்கு ஆசிரியர் இன்னும் வரவில்லை. அதை மட்டும் என்னால் வாங்கித்தர முடியவில்லை. இன்னும்.

நவம்பர் 19

திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. ஸ்கேல் சார் கடைசி வரைபடத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "எல்லா மாவட்டத்துலயும் கோடு ரோட்டுல போகுது. நம்மளது மட்டும் பூனை மாதிரி சுவர் மேல நடக்குது." திட்டுவதாகத் தெரியவில்லை.

திரும்பி வரும் வழியில் பழைய பள்ளியில் இறங்கினேன். விடுகிற நேரம். எங்கள் வகுப்பு ஜன்னல், தண்ணீர்த் தொட்டி, நானும் தந்தியும் வெயிலுக்கு ஒதுங்கி நிற்கும் அந்தக் குறுகிய நிழல். எங்கள் தெருப் பிள்ளைகள் இனி இதையெல்லாம் தெரிந்துகொள்ள மாட்டார்கள். அவர்களுக்கு வேறொரு ஜன்னல், வேறொரு நிழல். தெரியும். தெரிந்தும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வந்தேன்.

ஜனவரி 5

அரையாண்டு விடுமுறை முடிந்து, புதிய எல்லைப்படி இன்று பள்ளி திறந்தது. வராந்தா காலி. போன் செய்து கேட்டேன்.

பிப்ரவரி 10

தண்டவாளத்துப் பள்ளித் தலைமையாசிரியை போன் செய்தார். "என்னங்க மேடம், அந்தத் தெருப் பிள்ளைங்க இன்னைக்கு ஒண்ணு கூட வரல. வந்தா எல்லாம் வருது, நின்னா எல்லாம் நிக்குது. இதுதான் உங்க திட்டமா?"

பதறிப்போய்த் தந்தியைக் கூப்பிட்டேன். இந்த வாரம் அவள் முறை. காய்ச்சலில் எழுந்திருக்க முடியவில்லை. மாற்றாக வரவேண்டியவருக்குத் திடீரென்று ஷிப்ட் மாற்றிவிட்டார்கள்.

"நாளைக்கு?"

"பாக்கணும்டி. யாரையாவது கேக்கணும்." இருமினாள். "நீ என்ன பண்ணுவ, விடு."

நாளைக்கு அரைநாள் விடுப்பு எழுதிக்கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று போட்டேன். ஸ்கேல் சார் படித்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

பிப்ரவரி 11

தந்தி போர்வையைச் சுற்றிக்கொண்டு ஜன்னலில் நின்று பிள்ளைகளைப் பார்த்துக் கத்தினாள்: "அந்த அத்தை சொல்றதக் கேக்கணும். அவளுக்கு வழி தெரியாது, நீங்கதான் கூட்டிட்டுப் போகணும்."

உண்மைதான். பழைய பள்ளிக்கென்றால் கண்ணை மூடிக்கொண்டு போவேன். இந்த வழியை வரைபடத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

பழக்கதோஷத்தில் முன்னால் போய் நின்றேன். தையல்காரர் மகன் என் புடவையைப் பிடித்து நிறுத்தினான்.

"நீங்க முன்னாடி வரக்கூடாது. முன்னாடி போனா எங்களப் பாக்க முடியாது. பெரியவங்க கடைசில வரணும்."

சின்னவர்கள் முன்னே போனார்கள். ரயில்வே கேட் திறந்திருந்தது. நான் கடைசியில் போனேன்.