புற்று என்று கேட்டது தப்பு

5 மார்ச் 1946, செவ்வாய்

எழுந்ததும் முதல் வேலை, தம்பி நடேசனின் மூத்திரக் குடுவை. இன்றும் சிவப்பு. மூத்திரப்பையில் புற்று என்கிறார் டாக்டர். கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் காபி. வெயில் இப்போதே.

நேற்று சேலம். தம்பி தீயணைப்புப் படையில் இருந்த ஆலை. எத்தனையோ கிடங்கு எரிந்தபோது புகைக்குள் போனவன்! மானேஜர் சிரிக்கிறார்: "புகையால வந்ததுன்னா மத்தவனுக்கும் வரணுமேம்மா? என் படையில ஒருத்தனுக்கும் இல்லையே."

எப்படி இருக்கும்? நோய் கண்டவனை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டால் மிச்சம் நிற்பவனெல்லாம் திடகாத்திரம்தான். கணிதம் படித்தவளிடமா இந்தக் கணக்கு?

7, வியாழன்

பள்ளி விட்டதும் அதியமான்கோட்டை. தம்பியோடு படையில் இருந்து, போன வருஷம் செத்த முனுசாமியின் வீடு. "அவருக்கும் புற்றா?" என்றேன். மனைவி மாதம்மாள் சீறிவிட்டாள்.

"எங்க வூட்டுக்காரரு எந்தப் புத்தையும் இடிச்சதில்லீங்க! பாம்பு சாபமெல்லாம் உங்க வூட்டோட இருக்கட்டும்."

வழியெல்லாம் எரிச்சல். பிறகுதான் உறைத்தது. இங்கே அது நோயின் பெயரல்ல, பாம்புப் புற்றை இடித்தவன் மேல் விழும் பழி. நம் வீட்டிலேயே தம்பி மனைவி காவேரி பாம்புப் புற்றுக்குப் பால் ஊற்றுகிறாள்.

சோப்பு தீர்ந்தது. சாக்பீஸ் கேட்க வேண்டும்.

9, சனி

மறுபடி மாதம்மாள். கேள்வியை மாற்றினேன். "மூத்திரத்துல ரத்தம் போச்சா?"

எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு மெதுவாக: "வேட்டி தொவச்சவ நாந்தானே, டீச்சரம்மா. வேலையில இருக்கறப்பவே ஆரம்பிச்சிருச்சு. தெரிஞ்சா நிறுத்திருவாங்கன்னு மறைச்சாரு."

ஆக இருவர். இரண்டு பேரை வைத்து எதுவும் நிரூபணமாகாது. இருவரும் பீடி குடித்தவர்கள், அதையும் ஒளிக்கமாட்டேன். ஆனால் முனுசாமி மறைத்தான் என்றால், இப்போது மறைப்பவன் எத்தனை பேர்?

தம்பிக்குக் கோபம். "வுடுக்கா. ஆம்பளைங்க மூத்திரத்த விசாரிக்கிறாளாம் டீச்சரு. ஊரே சிரிக்குது."

"சிரிச்சா பல்லுதான்டா தெரியும்."

10, ஞாயிறு

மானேஜர் ஆள் அனுப்பியிருக்கிறார். இனி ஆலை வாசலை மிதிக்கக் கூடாதாம்.

சரி. வாசல் அவருடையது. படைக்காரர் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் பின்னால் துவைகல் இருக்கிறது. காலையில் பெண்டாட்டிகள் அத்தனை பேரும் அங்கே, புருஷன் வேட்டியோடு. ஒருத்தி பெயரும் என் வாயிலிருந்து வெளியே போகாது. எண்ணிக்கை போதும்.

அழுக்குப் புடவை நாலை மூட்டை கட்டிவிட்டேன். நாளை விடியலில் சேலத்துக்கு முதல் பஸ். பள்ளிக்குச் சொல்லவில்லை, தம்பிக்கும்.