அடங்கிக் கிடந்த சனிக்கிழமைகள்

மச்சான்,

இன்று காலை வெல்லம் வாங்கக் கடையில் நின்றேன். கடைக்காரர் விளக்கெண்ணெய் டின்னைத் திறந்தார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நிற்க முடியவில்லை. வெல்லத்தை விட்டுவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் திட்டு. நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. இருந்திருந்தால் உங்கள் தங்கச்சியிடம் எனக்காகப் பரிந்து பேசியிருப்பீர்கள். பேசியிருக்க மாட்டீர்கள், அது வேறு.

என் மகள் வள்ளிக்கண்ணு மூன்றாம் வகுப்புப் படித்த வருடம் அது. உட்காரும்போதே எழுந்துவிடுவாள். சிலேட்டில் பாதிக் கணக்கு இருக்கும், ஆள் வேப்பமரத்தில் இருப்பாள். "அரைப்பரீட்சைக்குப் பிறகும் இப்படின்னா வீட்டுலயே வச்சுக்கங்க" என்று வாத்தியார் சொல்லிவிட்டார். வயிற்றில் பூச்சி இருந்தால்தான் பிள்ளை இப்படித் துள்ளும் என்று நான் முடிவு கட்டினேன். சனிக்கிழமைதோறும் விளக்கெண்ணெய். அன்று முழுக்கச் சுருண்டு கிடப்பாள். எனக்குச் சந்தோசம்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் நேமத்தான்பட்டியிலிருந்து நீங்கள் வந்தீர்கள்.

"என்ன மாப்பிள்ளை, பிள்ளைக்கு மேலுக்குச் சரியில்லையா?"

"நல்லா இருக்கா மச்சான். பூச்சிக்கு எண்ணெய் குடுத்தேன், அடங்கிட்டா. பூச்சி உங்க வீட்டுச் சீரோட வந்திருக்கும்."

நீங்கள் சிரிக்கவில்லை. "அடங்கல மாப்பிள்ளை. கெறங்கிக் கெடக்கு" என்றீர்கள். அப்புறம், "நான் ஒரு காப்பி குடிக்கிறதுக்குள்ள நாலு தடவ எந்திரிச்சுட்டீக. உங்களுக்கு யாரு எண்ணெய் குடுக்கிறது?"

இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் நான். பிரம்படிக்குப் பயந்து என்றுதான் ஊருக்குச் சொல்லி வைத்திருந்தேன். உட்கார முடியாமல் ஓடியது அன்றைக்குத்தான் எனக்கே ஞாபகம் வந்தது.

பரீட்சை லீவில் அவளை உங்கள் சைக்கிள் கடைக்குக் கூட்டிப்போனீர்கள். காற்றடிக்கும் பம்பைக் கையில் கொடுத்து, ஓர் அழுத்துக்கு ஒரு வரியாக வாய்ப்பாடு சொல்ல வைத்தீர்கள். நான் பார்க்க வந்த அன்று பதினாறாம் வாய்ப்பாடு ஓடிக்கொண்டிருந்தது. பள்ளி திறந்ததும் வாத்தியாரிடம் போனோம். ஜன்னல் திட்டில் சிலேட்டை வைத்து அவள் நின்றுகொண்டே எழுதட்டும் என்று கேட்டீர்கள்.

"எல்லாப் பிள்ளையும் நிக்கணும்னா நான் என்ன செய்ய?" என்றார்.

"நிக்கட்டும் சார். காலு வலிச்சா பிள்ளைக தன்னால உக்காந்துரும்."

வாத்தியார் சிரித்துவிட்டார். பிள்ளை தப்பித்தது.

ஒரேயடியாக மாறிவிடவில்லை. சிலேட்டைத் தொலைத்தாள், எட்டாவதில் ஒரு வருடம் தங்கினாள். ஆனாலும் எஸ்.எஸ்.எல்.சி. எழுதி முடித்தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் போனீர்கள். நான்தான் உங்களிடம், "நீங்க சொன்னது சரி மச்சான்" என்று ஒரு நாளும் சொல்லவில்லை. கேலி பேசியே காலத்தை ஓட்டிவிட்டேன். அந்தச் சனிக்கிழமைகளைப் பற்றி அவளிடமும் வாய் திறக்கவில்லை.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும், ஓடுகிற பிள்ளையை ஓடவிட்டுவிடுகிறேன். ஓரமாகச் சத்தமில்லாமல் கிடக்கிற பிள்ளையைக் கண்டால்தான் பயம். பக்கத்தில் போய், "என்னத்தா செய்யுது?" என்று கேட்காமல் என்னால் நகர முடிவதில்லை.