தைப்பூசத்தன்னிக்குக் கிளம்புற கப்பல்

என்னங்க,

கப்பல் டூரைக் கேன்சல் பண்ணி டெபாசிட் போச்சேன்னு நேத்து நான் சத்தம் போட்டப்ப, காரணத்தை நீங்க சொல்லவேயில்ல. இன்னிக்கு நீங்க வேலைக்குப் போனதும் டிராவல் ஏஜென்சி ரமணி போன் பண்ணுச்சு. பாதி விலைக்குக் கிடைச்ச அந்தக் கப்பல் தைப்பூசத்தன்னிக்குத்தான் கிளம்புதாமே! "வீட்டுல எனக்காகப் பால்குடம் நேந்திருக்காங்க, கேன்சல் பண்ணிடுங்க"ன்னு சொன்னீங்களாம். நீங்க ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நேந்தது, உங்களுக்கு ஞாபகம் இருக்கும்னே நெனைக்கல.

குடம் வாங்க பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவுக்குப் போறேன். சாம்பார் அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக்குங்க. விரதம், வெளியில கோழி கீழின்னு தின்னுடாதீங்க.

புஷ்பா

பி.கு.: கப்பல் எங்க போயிடும் லா, அப்புறம் ஏறிக்கலாம். பத்துமலைக் கோயில்ல நீங்க படி ஏற வேணாம், கீழேயே நில்லுங்க. நான் இறங்கி வர்றப்ப நீங்க அங்க நிக்கிறதப் பாக்கணும். அதுக்குத்தானே நேந்துகிட்டேன்.