போகிக்குப் போட்ட தோல் கோட்டு

3 ஜனவரி 1971
இந்த நாட்டில் ஜனவரிதான் கோடை, வெயில் நூறைத் தாண்டிவிட்டது. பிரசவ வார்டில் ஆறு மணிவரை நர்ஸ் டியூட்டியில் நின்றதில் கால் வீங்கிப்போய் வந்தேன். ஈவன் கப்பல் பட்டறையிலிருந்து நேரே கடலுக்குப் போய்விட்டு, தலையெல்லாம் உப்போடு வந்தான். கல்யாணமாகி ஏழு மாதம். வில்லியம்ஸ்டவுன் கடல்தான் இவனுக்கு மூத்த சம்சாரம், நான் இரண்டாவது.

சலவை அறையில் அவனுடைய பழைய தோல் கோட்டு வேறு மீன் வாடை அடிக்கிறது. "அதைத் தொடாதே கல்யாணி" என்றான். ஸ்காட்லாந்துக்கு வடக்கே, அவன் பிறந்த தீவில், கடல்நாய்கள் தோலைக் கழற்றிவிட்டு மனிதர்களாகக் கரையேறுமாம். "எங்க ஊர்ல பாம்புகூடத்தான் சட்டை உரிக்கும், அதெல்லாம் மாப்பிள்ளையா வராது" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

9 ஜனவரி
புட்ஸ்கிரே கடைத்தெருவில் அவனுக்குப் பொங்கலுக்கு ஒரு புதுக் கோட்டு வாங்கினேன். நீலம். இன்னும் சொல்லவில்லை.

13 ஜனவரி
ஐயோ, என்ன பண்ணிட்டேன்.

போகியாயிற்றே என்று கொல்லையில் குப்பை எரிக்கும் செங்கல் அடுப்பில் பழைய துடைப்பம், கிழிந்த தலையணை எல்லாம் போட்டேன். கடைசியாக அந்தக் கோட்டையும். புதுசு வாங்கியாச்சே என்ற நினைப்பு. தோல் கருகவில்லை — ரத்தம் கசிந்தது. கை வேக வேக இழுத்து வெளியே போட்டேன். இடது தோளில் ஒரு துண்டு போயே போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் பட்டறையிலிருந்து இரண்டு பேர் ஈவனைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். அவன் பக்கத்தில் தீயே இல்லை என்றார்கள். சட்டையைக் கழற்றினேன். இடது தோள் வெந்திருந்தது.

அடி முட்டாளே, அவன் சொன்னது கதையில்லடீ.

14 ஜனவரி
பொங்கல் வைக்கவில்லை. அவனுக்கு அனலாய்க் காய்ச்சல். என்மேல் கோபமே இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. "தைத்துக் கொடு" என்கிறான். தோல் காய்வதற்குள் அதைப் போட்டுக்கொண்டு கடலுக்குள் போகவேண்டும். இல்லையென்றால் தோலோடு அவனும் செத்துப்போவான். போனால் ஏழு வருடம் கரையேற முடியாது. அவர்கள் விதி அது. சனி பகவான் ஏழரை கேட்பார். இவர்கள் அரையைத் தள்ளுபடி செய்திருக்கிறார்கள்.

போகாதே என்று சொல்ல வாயெடுத்தேன். தோளைப் பார்த்தேன். கூறைப்புடவை முந்தானையில் ஒரு துண்டு வெட்டி, ஒட்டுப்போட்டுத் தைத்தேன். தையல் கோணல்தான். கண் தெரிந்தால்தானே.

15 ஜனவரி
விடிந்ததும் பாறையோரம் கொண்டுபோய் விட்டேன். "காத்திருப்பாயா?" என்றான். இருப்பேன் என்றேன். சிவப்பு ஒட்டு கொஞ்ச தூரம்வரை தெரிந்தது.

2 ஜூன் 1974
வார்டில் கூட வேலை செய்யும் யாழ்ப்பாணத்து இராஜேஸ்வரி அக்கா நல்லவள்தான். ஆனால் இன்று, "கடலில போன மனுசன் திரும்பி வருவாரே? எத்தினை காலத்துக்குப் பிள்ளை இப்பிடியே இருக்கப்போறீர்? ஒருத்தரைப் பாக்கட்டோ?" என்றாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டேன். அவளிடம் நான் எதைச் சொல்வது?

14 ஜனவரி 1978
நாளை. நீலக் கோட்டுக்கு இஸ்திரி போட்டேன். தலையில் நாலு நரை. பார்த்தால் என்ன சொல்வான்?

15 ஜனவரி
வந்தான். இடது தோளில் அதே சிவப்பு, என் கோணல் தையல். கோட்டை விரித்துக் காட்டினேன். பாறைமேல் பாதி ஏறினான். பின்னால் தண்ணீரில் ஒரு குட்டி கத்தியது. அதை அணைத்தபடி ஒரு பெண் கடல்நாய். குட்டிக்கு அவன் கண்.

அவன் அசையவில்லை. தோலைக் கழற்று என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கழற்றியிருப்பான். எனக்குத் தெரியும். என் உள்ளங்கையில் மூக்கை வைத்தான், சூடாக இருந்தது. குட்டி மறுபடி கத்தியது. அந்த வார்டில் எத்தனை குழந்தைகளின் அழுகையைக் கேட்டிருக்கிறேன்.

"குழந்தை கூப்பிடுது பாரு. போ" என்றேன்.

ரயிலில் வீடு வரும்வரை அழுதேன். யார் பார்த்தால் என்ன.

13 ஜனவரி 1979
நீலக் கோட்டை எடுத்துத் தட்டினேன். யாரும் ஒரு நாள்கூடப் போடாமலே பழசாகிவிட்டது. காலர் ஓரம் பூச்சி அரித்திருக்கிறது.

இராஜேஸ்வரி அக்கா போன் செய்தாள். "உங்கட போகி இண்டைக்கெல்லே? எரிக்க ஏதும் கிடக்கோ?"

"ஒண்ணுமில்லக்கா" என்று சொல்லிவிட்டுக் கோட்டை மறுபடி ஆணியில் மாட்டினேன்.