மஞ்சள் நூல் கட்டிய ரப்பர் வளையம்

மச்சான்,

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது உங்கள் வீட்டு அக்கா உங்கள் ஸ்பேனர் பெட்டியை என்னிடம் கொடுத்தார். "காரே போயிடுச்சு, இது இங்க எதுக்கு? நீங்க வெச்சுக்கங்க" என்றார். ஓசூர் வந்து திறந்தேன். அடியில் செய்தித்தாளில் மடித்த ஒரு ரப்பர் வளையம். ஊதிப் பெருத்து, பிறகு காய்ந்து வெடித்திருந்தது. அதில் ஒரு மஞ்சள் நூல், இரட்டை முடிச்சு. அந்த முடிச்சு நான் போட்டது. அது உங்கள் பெட்டிக்குள் எப்படி வந்தது என்று விளங்க எனக்கு வெகுநேரம் ஆனது.

இருபது வருடத்துக்கு முந்தைய அந்தக் காலையை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். பெங்களூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர் வேலைக்கு எனக்கு நேர்முகத் தேர்வு. பதினோரு மணிக்கு இருக்க வேண்டும். எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, தொழிற்சாலையின் அளவு பார்க்கும் அறையில், போல்ட்டுக்கு வெர்னியர் வைத்து 'தேறும், தேறாது' என்று சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். வெளியே போக அது ஒன்றுதான் வழி. பிரசவத்துக்கு வந்திருந்த உங்கள் தங்கையையும் பிறந்த குழந்தையையும் பார்ப்பதாக லீவு சொல்லிவிட்டு, முதல் நாளே கிருஷ்ணகிரியில் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன்.

"நல்ல காரியத்துக்குப் போற மாப்ளை பஸ்ல தொங்கிட்டா போவாரு?" என்று காரை எடுத்தது நீங்கள்தான். நல்ல காரியம் என்றால் முதல் நாள் மாலை காரைக் கழுவி மஞ்சள் குங்குமம் வைப்பது உங்கள் வழக்கம். அன்று அதை நான் செய்கிறேன் என்றேன். "வெளிய மட்டும் கழுவுங்க மாப்ளே, உள்ள கை வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனீர்கள். எனக்குச் சுருக்கென்றது. பானட்டைத் திறந்து ஏர் கிளீனரையும் கழற்றிச் சுத்தம் செய்தேன்.

மறுநாள் குருபரப்பள்ளி தாண்டியதும் சத்தம் ஆரம்பித்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் 'உஸ்ஸ்' என்று ஒரு சீறல். காலை எடுத்தால் நின்றது. ஏற்றத்தில் இன்னும் கூடியது. சூளகிரிக்கு முன்னால் ஓரம் கட்டினீர்கள்.

"சைலன்சர் குழாய் இன்ஜினோட சேர்ற எடத்துல கசியுது போல. புகை உள்ள வந்துச்சுன்னா ரெண்டு பேருக்கும் மயக்கம்தான்."

"நான் பஸ்ல போயிடறேன் மச்சான்."

"பத்து நிமிஷம். மிதிங்க."

உள்ளே உட்கார்ந்து நீங்கள் சொல்லும்போதெல்லாம் மிதித்தேன். நீங்கள் ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை ஒவ்வொரு இணைப்பாகக் கொண்டுபோனீர்கள். என் மடியில் சான்றிதழ் ஃபைல். தூக்கிய பானட் எதிரே சுவர் மாதிரி நின்றது. பக்கத்தில் பெங்களூர் பஸ்கள் ஒவ்வொன்றாகப் போயின. வண்டியை நிறுத்திய ஒரு லாரிக்காரர் எட்டிப் பார்த்து, "ஏமண்ணா, உள்ள பாம்பு வளக்கறீங்களா?" என்றார். நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவே இல்லை.

நடுவில் நிமிர்ந்து, "ஏர் கிளீனரையும் ஒரு தடவ பாத்துடலாமா?" என்று கேட்டீர்கள்.

"அதெல்லாம் நேத்தே நான் பாத்தாச்சு. அங்க ஒண்ணுமில்ல."

"நீங்க பாத்தீங்கன்னா சரி" என்று அந்தப் பக்கத்தை விட்டுவிட்டீர்கள். கொதிக்கும் குழாயில் விரலைச் சுட்டுக்கொண்டு ஒவ்வொரு நட்டாக முறுக்கினீர்கள். ஒன்றரை மணி நேரமாகியும் சத்தம் போகவில்லை. கண்ணாடிகளை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டிப் போனோம். ஒன்றே கால் மணிக்குக் கல்லூரி வாசலில் நின்றேன். எல்லாம் முடிந்துவிட்டது என்றார் எழுத்தர். நான் எங்கே போனேன் என்பது தொழிற்சாலை மேலாளர் காதுக்கு எட்டி, பதவி உயர்வும் போயிற்று. இன்னும் அதே அறை, அதே வெர்னியர்.

அடுத்த வாரம் காரில் சத்தம் இல்லை. "என்ன கோளாறு?" என்று கேட்டேன். "ஏதோ சின்ன வாஷர். விடுங்க மாப்ளே." நான் விடவில்லை. கல்யாணமோ காதுகுத்தோ, நாலு பேர் கூடிய இடத்திலெல்லாம் சொன்னேன்: "இவரோட ஓட்டைக் காரு என் வாழ்க்கையை சூளகிரியிலயே நிறுத்திடுச்சு." நீங்கள் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

இப்போது நினைவு வருகிறது. ஏர் கிளீனர் மூடிக்கு அடியில் இருந்த வளையத்தை மண்ணெண்ணெயில் கழுவினேன். பூஜைக்கு வைத்திருந்த நூலில் கட்டி, குழாயடி ஆணியில் காயப் போட்டேன். குழந்தை அழுதது, உள்ளே போனேன். திரும்பி வந்து மூடியை மட்டும் மாட்டியிருக்கிறேன். வளையம் இல்லாத இடுக்கில் இன்ஜின் காற்றை உள்ளே இழுத்த சத்தம்தான் அது. புகையும் இல்லை, ஆபத்தும் இல்லை. அப்படியே ஓட்டிப் போயிருந்தால் பத்தரைக்கே சேர்ந்திருப்போம். அன்று வீடு திரும்பி ஆணியில் அதைப் பார்த்தபோதே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் ஒரு நாள் தலைகுனிவோடு போயிருக்கும். இருபது வருடம் நான் பேசப் பேச நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். உண்மையைச் சொல்கிறேன், இதற்கும் எனக்கு உங்கள் மேல் கோபம்தான்.

நேற்று அந்த வளையத்தை வேலைக்கு எடுத்துப் போனேன். எங்கள் தேறாத சீட்டில், தவறு செய்தவர் பெயரை எழுத 'யாரால்' என்று ஒரு கட்டம் உண்டு. ஒரு சீட்டு எடுத்து, அந்தக் கட்டத்தில் முதல் தடவையாக என் பெயரை எழுதினேன். மஞ்சள் நூலிலேயே அந்தச் சீட்டை வளையத்தோடு கட்டிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். காட்டுவதற்குத்தான் நீங்கள் இல்லை.