தலைகீழ் ஸ்விட்ச்

அப்பாவுக்கு,

கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை வாடகைக்குப் பார்த்தேன். ஃபேன் ஸ்விட்சைத் தட்டினேன், சுற்றவில்லை.

"மேல தட்டும்மா. எங்க வீட்டுக்காரரு எல்லா ஸ்விட்சையும் தலைகீழாத்தான் மாட்டுவாரு. கேட்டா, இதுதான் சரின்னு சண்டைக்கு வருவாரு" என்று வீட்டுக்கார அக்கா சிரித்தார்.

நம் வீட்டில் அம்மாவும் இதையேதான் சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரித்துக்கொண்டே இறங்கினேன். கீழே கூடத்துச் சுவரில் உங்கள் கல்யாணப் படம். படத்தில் உங்கள் பக்கத்தில் மாலையோடு அந்த அக்கா.

"எங்கப்பா வேலைக்கு வெளியூர் போயிருக்காரு. அவருக்கு நான் ஒரே பொண்ணு" என்றது அங்கிருந்த குட்டி. உங்கள் மூக்கு அப்படியே அதற்கு.

எப்படி வெளியே வந்தேனென்றே தெரியவில்லை. தெருமுனையில்தான் வெறுங்காலோடு நிற்பது உறைத்தது.

அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்களே சொல்லுங்கள். அடுத்த தடவை அங்கே போனால், வாசலில் கிடக்கும் என் செருப்பை எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகள்